கந்தகம் பழகிய மூக்கு

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்தவன் கோட்டைச்சாமி. ஒருநாள் கந்தகம் கருகும் வாடை பிடித்து, கூட இருந்தவர்களையும் விரட்டிக்கொண்டு பொட்டல்காட்டுக்கு ஓடினான். வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது மருந்து அறை இல்லை.

"கூழோ கஞ்சியோ குடிச்சுக்கிடலாம், இனிமே மருந்தைத் தொடாதீக" என்று மனைவி பாண்டிமீனா ஒற்றைக்காலில் நின்றாள். கப்பல் வேலைக்குப் பயிற்சி முடித்து, கார் ஏற்றிப் போகும் கப்பல் ஒன்றில் சேர்ந்தான்.

கண்ணாடியோடு கண்ணாடி உரச நிறுத்திய கார்களுக்கு நடுவே உடம்பை ஒருச்சாய்த்து நடந்து ரோந்து பார்க்க வேண்டும். மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்; அவன் மோந்து பார்ப்பான். உயிரைக் காப்பாற்றிய மூக்கு, அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அன்று மதியம் மின்சாரக் கார்கள் நின்ற தளத்தில், பழம் கனிந்த மாதிரி லேசாக ஓர் இனிப்பு வாடை அடித்தது. புதுக் கார் வாசனை என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான். பேட்டரி உள்ளுக்குள் வேகத் தொடங்கினால் அப்படித்தான் இனிக்கும் என்று பயிற்சியில் சொல்லித்தான் இருந்தார்கள். மூக்குதான் அதைக் கேட்கவில்லை.

நேர் மேலே, திறந்த தளத்தில் நின்றபடி வெகுநேரம் ஊருக்குப் போன் பேசினான்.

"அங்கன பயமில்லையே?" என்றாள் பாண்டிமீனா.

"இங்கன ஏது மருந்து? பழ வாடைல்ல அடிக்குது."

சொல்லி வாய் மூடவில்லை, பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலில் இரும்பு சுட்டது. ஓடத் திரும்பினான். கண் தன்னால் பொட்டல்காட்டைத் தேடியது. நாலா பக்கமும் தண்ணீர்தான்.