போதகர் மனைவிக்குப் போதித்தவர்கள்

தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போன்ற ஒரு சத்தம். பப்புவா நியூகினிக் காட்டில் எங்களுக்கு அரிசியும் தபாலும் கொண்டுவரும் சின்ன விமானம் அப்படித்தான் வரும். என் மகள் ஜெயாவுக்கு அது எல்லோருக்கும் முன்னமே கேட்டுவிடும். "அம்மா, பிளேன் வருது" என்பாள். நான் நிமிர்ந்து பார்த்தால் மழைமேகம்தான் இருக்கும். விமானம் பிறகு ஆறுதலாக வந்துசேரும்.

போதகரின் மனைவியாக இருப்பது ஒரு தொழில். அதற்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை, ராஜினாமாவும் செய்ய முடியாது. போதகரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ஈர விறகு

நாங்கள் போனபோது ஜெயா கைக்குழந்தை. அங்கே காற்றே நனைந்துதான் இருக்கும். இப்போது நியூசிலாந்தின் ஒக்லாந்தில், மாசி என்ற பகுதியில் உள்ள வீட்டில், ஹீட் பம்பின் பொத்தானை அமுக்கினால் அறை சூடாகிறது. அன்றைக்கு ஒரு முழுத் தீப்பெட்டியைத் தீர்த்தும் அடுப்பு பற்றவில்லை. கடைசியில் என் கவிதைக் கொப்பியிலிருந்து நாலு தாள் கிழித்து வைத்தேன். அவையும் புகைந்தனவே தவிர எரியவில்லை. நல்ல விமர்சனம்.

பக்கத்துக் குடிசையில் இருந்த கோரா, என் வயதுக்காரி, வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, அவர்கள் பாஷை ஓரளவு தெரிந்த என் கணவரிடம் கேட்டாள்: "இவளை உனக்குத் தரும்போது இவளுடைய ஆட்கள் இதைச் சொல்லவில்லையா?"

ரேடியோ

தினமும் காலை ஏழு மணிக்கு, காட்டில் சிதறிக் கிடந்த மிஷன் வீடுகள் எல்லாம் ரேடியோவில் முறைவைத்துப் பேசும். ஒருவர் பேசுவது அத்தனை பேருக்கும் கேட்கும். ஒருநாள் பொத்தானில் விரல் இருந்ததை மறந்து, "பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடித்தால் பரலோகத்தை யாரும் பூட்டிவிட மாட்டார்கள்" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். தமிழில் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். படித்த திமிர், ஆங்கிலத்தில் சொன்னேன்.

 பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வயதான போதகரின் குரல் வந்தது: "சகோதரி, இந்த வீட்டிலும் அதே முறைப்பாடுதான். ஓவர்."

தாய்மார் வகுப்பு

அவர்கள் பாஷையை ஓரளவு பழகிய பிறகு, புதன்கிழமைகளில் பிள்ளை வளர்ப்பு பற்றி நான் வகுப்பு எடுத்தேன். எனக்கு ஒரு பிள்ளை. கேட்க வந்தவர்களுக்கு ஐந்தும் ஆறும். ஒருநாள், யாராவது செத்தால் அவர்கள் முகத்தில் சேறு பூசிக்கொள்வதைப் பற்றிப் பேசினேன். அது அவசியமில்லை, தோலுக்கும் கூடாது என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கோரா மட்டும் கேட்டாள்: "சேறு பூசாவிட்டால், நீ அழுகிறாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

விடுதி

மிஷன் பிள்ளைகள் ஆறு வயதில் கடற்கரைப் பட்டணத்து விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். வருடத்தில் இரண்டு தடவைதான் வீடு. ஜெயாவுக்கு ஆறு முடிந்ததும் மிஷன் தலைமையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள். நானே வீட்டில் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் விட்டிருப்பார்கள். வாய் வரை வந்தது. ஆனால் அத்தனை வீடுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. விசுவாசம் குறைந்தவள் என்று நினைப்பார்களே என்று, "ஓம், அனுப்புகிறோம்" என்றேன்.

அவளை ஏற்றிப்போக வந்த அன்றைக்கு மரங்களுக்கு மேலே விமானம் தெரிந்த பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது. ஜெயா தன் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். "உனக்குக் கேட்கேல்லையே?" என்றேன். "அப்பவே கேட்டது" என்றாள்.

மறுநாள் காலையில் கோராவும் வகுப்புப் பெண்களும் முகமெல்லாம் சேற்றோடு வந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் பதறிப்போய், "ஜெயா சாகவில்லை, படிக்கப் போயிருக்கிறாள்" என்று விளக்கினேன். கோரா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "சாகாத பிள்ளை வீட்டில்தானே இருக்கும்" என்றாள்.

அந்தக் காட்டில் எத்தனை பேரைத் திருத்தினீர்கள் என்று யாராவது கேட்டால், ஒருத்தியை, என்னைத்தான், அதுவும் ஒருநாள் பிந்தி, என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஜெயா இப்போது இதே ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் இருக்கிறாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துப் பள்ளியில் தன் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறாள், மூன்று மணிக்கு அவளே போய்க் கூட்டிவருகிறாள்.