நாலு நாளில் சுற்றும் குரு

குரு பலன் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கோ தன் பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்தைக் காரணம் காட்டி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டார்கள். அந்தக் கிரகத்துக்கே அடுக்காது.

அந்தப் பெண் என் சித்தி, அம்மாவின் தங்கை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராய்ச்சி செய்ய பெங்களூரில் இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும். ஜோசியரோ, இந்த வைகாசிக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் குரு பலன் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். அவர் சித்தியை ஒரு வார்த்தை கேட்காமல் அனகாபுத்தூரில் வரன் பார்த்துவிட்டார்.

பெண் பார்க்க வருகிற அன்று காலை, எனக்குத் தலை பின்னிக்கொண்டே சித்தி ஒரு கிரகத்தைப் பற்றிச் சொன்னாள். நம் குருவைவிடப் பல மடங்கு கனமாம். கால் வைக்கத் தரையே கிடையாதாம், உள்ளே முழுக்க வாயுதானாம். அப்படியானால் அதற்கு ஓமத் தண்ணீர் கொடுக்கலாமே என்றேன். அவள் சிரிக்கவில்லை. தன் நட்சத்திரத்தை அது நாலே நாளில் சுற்றிவிடும் என்று சொல்லி, அதை என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். எனக்கு ஒன்பது வயது. மனப்பாடத்தில் நான் புலி.

மாலையில் மாப்பிள்ளையின் அப்பா கேசரியை வழித்துக்கொண்டே, வைகாசியிலேயே முடித்துவிடலாம், குரு பலன் போய்விட்டால் பேஜார் என்றார். மாமா தலையாட்டினார். பாயில் உட்கார்ந்திருந்த சித்தி என்னையே பார்த்தாள்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "நம்ம குருவை விடப் பெரிய குரு ஒண்ணு இருக்கு. அது நாலு நாளைக்கு ஒரு தடவை சுத்தி வந்துடும். சித்தி படிச்சு முடிச்சிட்டு வந்தாலும் பலன் இருக்கும்."

மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "இன்னா சார், பொண்ணு கொழந்தைய வுட்டுப் பேசுதா?"

மாமா சித்தியின் பக்கம் திரும்பினார். "நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"எனக்கு எதுவும் தெரியாதுண்ணா."

பச்சைப் பொய். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய் முதுகில் இரண்டு வைத்தாள். அடியைவிட அந்தப் பொய்தான் எனக்கு எரிந்தது. மறுநாள் சித்தி என்னிடம் பேச வந்தபோது 'காய்' என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழம் விடச் சொல்லிக் கெஞ்சினாள். நான் மசியவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. மேடையில் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டாள், அதற்கும் போகவில்லை. ஆகஸ்டில் அவள் அனகாபுத்தூரில் இருந்தாள்.

மாமாமீது இன்றும் கோபம்தான். அம்மாமீதும், தட்டைக் கீழே வைத்த அந்த மனிதர்மீதும்கூட. ஆனால் அன்றைக்கு என் கோபம் முழுவதும் சித்திமேல் இருந்தது. கூடம் நிறையப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தும் அவளுக்காகப் பேசக் கிடைத்தது ஒரு நான்காம் வகுப்பு வாய்தான். அதையும் நான் காய் விட்டு மூடிக்கொண்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.