மீன்பெட்டிக்குள் அத்தான்

பெரிய மீன்பெட்டி ஒன்றுக்குள் ஐஸ் நொறுக்கில் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்திருந்தார் அத்தான். பற்கள் தந்தியடித்தன. "நேரம் என்னாச்சு மக்கா?" என்றார். ஆறு நிமிடம் என்றேன். "இன்னும் நாலு இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில், அக்கா வீட்டுக் கிணற்றடியில், மறைப்புக்குக் கட்டிய பழைய சேலைக்குப் பின்னால் ஐந்து நாட்கள் இது நடந்தது. வேலை செய்யும் ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தவன் நான். யோசனை சொன்னவனும் நான்தான். இந்த வாயில் அன்றைக்கே சூடு வைத்திருக்க வேண்டும்.

என் அக்காவின் கணவர் அவர். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, விசா முடிந்து ஊரில் சும்மா இருந்தார். நாற்பத்தெட்டு வயதில் அதிசயமாக இன்னொரு விசா வந்தது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால் போகலாம். தவறினால் அதன்பிறகு எவன் கூப்பிடப் போகிறான்? அத்தானுக்கோ ரத்தக்கொதிப்பு. ஒழுங்காக மாத்திரை தின்றுகொண்டிருந்தவரிடம், "மாத்திர தின்னா மூத்திரத்துல காட்டிக்குடுத்துரும், அண்ணே" என்று கடற்கரையில் எவனோ சொல்லியிருக்கிறான். அன்றோடு நிறுத்திவிட்டார். ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நோயாளி என்று எங்காவது எழுதி வைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம். அக்கா சோறு இறங்காமல் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். அப்போதுதான் நான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து, பிரஷர் குறைகிறது என்று சிரித்துக்கொண்டிருந்தான். "ஏலே, இது நம்மகிட்ட மலபோல கெடக்கே!" என்று அத்தான் துள்ளிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

பரிசோதனை திருவனந்தபுரத்தில். வாசலில் வண்டி நிற்கும்வரை ஐஸ் வாளிக்குள் காலை விட்டபடியே வந்தார். உள்ளே நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள், முகம் சுளித்தாள். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தாள். அப்போதும் இறங்கவில்லை. அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஐஸ் பத்தாதுலே. வண்டியில மிச்சம் கெடக்கும், ஓடிப்போய் எடுத்துட்டு வா." டாக்டர் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். இப்படிக் குளிர் ஏறினால் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் அப்போதைக்கு இன்னும் கூடத்தான் செய்யும் என்றார். மாத்திரையை நிறுத்தியது அதைவிட மடத்தனம், அதைத் தின்றுகொண்டே வந்திருந்தால் ஒருவேளை தேறியிருப்பார் என்றார். விசா கைவிட்டுப் போனது. டாக்டர் சொன்னதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. அவர் பிழைப்பைக் கெடுத்தது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. அத்தான் மறுபடி மாத்திரை தின்கிறார். விசா வரவில்லை. போன ஞாயிறு கோயில் முடிந்து வரும்போது, பரிசோதனைக்குப் போகவிருந்த பக்கத்து வீட்டுக்காரன் அவரிடம் யோசனை கேட்டான். "மாத்திரய நிறுத்திட்டு ஐஸ்ல இரி. கால் மணிக்கூராவது இருக்கணும், கேட்டியா? எனக்குத் தாங்கல, பத்து நிமிசத்துல எந்திச்சிட்டேன். அதான் போச்சு" என்றார் அத்தான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நடுத்தெருவிலேயே, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் மெதுவாக நழுவிவிட்டான்.

அத்தான் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருசமா என் ஒடம்பத்தானே மக்கா நான் ஏசிட்டு கெடந்தேன்" என்றார்.