சாமி கேட்ட தேன்

எனக்குத் தொண்டை பெரிசு. பொதட்டூர்பேட்டையில் நாலு விசைத்தறி ஓடுகிற வீட்டில் இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். சோறு வெந்துவிட்டது என்பதைக்கூட ஊருக்கே தண்டோரா போடுவதுபோலத்தான் சொல்வேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தத் தொண்டைதான் ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் அவருக்கு உதவியது. அதை நான் ஒழுங்காகப் பயன்படுத்தினேனா என்பது வேறு கதை.

அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் வலதுகால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, விரல் தப்பினால் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். நாலு மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். புண் ஆறியது. கட்டுப் போட்ட நர்சம்மாவுக்கு இரண்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. முருகனுக்கு மட்டும் பூக்காவடி தயாரானது.

விரதம், நோன்பு என்றால் எங்கள் வீட்டில் நாத்தனார் சொல்வதுதான் சட்டம். இவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் போன பிறகு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். அவருக்கும் சர்க்கரைதான். இனி மாத்திரைக்கு அடங்காது, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு தடவை போட்டால் சாகிறவரை விடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

முதல்நாள் ராத்திரியிலிருந்து காவடி இறக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் படக்கூடாது என்றார் அண்ணி. மாத்திரையும் கூடாதாம்.

"சாமிய நம்பித்தானேடா காவடி எடுக்கற? அப்பறம் மாத்திரை இன்னாத்துக்கு?"

இவர் தலையாட்டினார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதிலேயே இருந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டதால்தான் விரலில் புண் வந்தது என்பது என் எண்ணம். டாக்டரிடமே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விரதம் என்று சொன்னால் திட்டுவார் என்ற பயம். இப்படியாக டாக்டரிடம் விரதத்தை மறைத்தோம், வீட்டில் மாத்திரையை மறைக்க நான் முடிவு செய்தேன்.

காலையில் அண்ணியோடு திருத்தணி பஸ் நிலையத்தில் இறங்கினோம். அண்ணி பூ வாங்கப் போன நேரத்தில் இவரை ஒரு டீக்கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"விரதம்டி," என்றார்.

"மாத்திரை இன்னா சோறா? முழுங்குங்க."

ராத்திரி விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டு மாத்திரை கொடுத்தேன். தண்ணீரோடு விழுங்கினார். சாமிக்கும் குறை வைக்கவில்லை, டாக்டருக்கும் குறை வைக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சரவணப் பொய்கையில் குளித்து, காவடியைத் தோளில் ஏற்றிப் படி ஏறத் தொடங்கும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் உடுத்திய கூட்டம். நாலு படி ஏறினால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னும் பின்னும் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். அண்ணி அபிஷேகத்துக்கான பாலும் தேனும் வெல்லமும் வைத்த பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

பாதி மலை ஏறியிருப்போம். இவர் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு காவடியில் கட்டிய பூச்சரங்கள் ஆடுவதைப் பார்த்தேன். காற்றே இல்லை. அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றேன். திரும்பிப் பார்த்தார். நான் யாரென்றே தெரியாத பார்வை. பக்கத்தில் நின்ற ஆளை முழங்கையால் தள்ளினார். "வேணாம்... போ... வேணாம்..." என்று நாக்குக் குழற ஏதேதோ சொன்னார்.

"சாமி வந்துட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். அரோகரா என்று கூட்டம் முழங்கியது. பம்பைக்காரர் நெருங்கி வந்து அடிக்க, எங்களைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். விபூதி வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. இவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

கட்டுப் போடும் நர்சம்மா ஒருநாள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே இனிப்புக் கொடு, தாமதித்தால் ஆளே போய்விடுவார் என்று சொல்லியிருந்தார். வெறும் வயிறு. இரண்டு மாத்திரை. நானே என் கையால் கொடுத்தது.

"அண்ணி, அந்தத் தேன குடுங்க. அவருக்குச் சக்கரை எறங்கிட்டுது!"

"வாய மூடு. சாமி வந்து ஆடிகினு கீது, சக்கரையாம் சக்கரை! அபிஷேகத்துக்கு வெச்சத எச்சில் பண்ணச் சொல்றியா?"

பையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து விலக்கினார்கள். மாத்திரை கொடுத்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். விரதத்தில் இருந்தவருக்கு மாத்திரை கொடுத்துச் சாமி குத்தம் செய்துவிட்டாள் என்று அத்தனை பேரும் என்மேல் பாய்வார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதற்குள் அண்ணி இவர்முன் கைகூப்பி நின்றார். "முருகா, எனக்கு ஊசி போடச் சொல்றாங்கப்பா. போட்டுக்கட்டுமா? நீயே சொல்லு."

"வேணாம்... வேணாம்..." என்றார் இவர். முதலிலிருந்தே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

இவருக்கு முழங்கால் மடங்கியது. யாரோ காவடியைத் தாங்கிப் பிடித்தார்கள். படியில் உட்கார்ந்தவரின் கண் மேலே சொருகத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் தாலி அறுத்தவள். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நாலு தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையைத் திறந்தேன்.

"சாமி தேன் கேக்குது! சாமிக்குத் தேன் குடுங்க!"

பம்பை நின்றது. என் கையைப் பிடித்திருந்தவர்களே விட்டுவிட்டுத் "தேன், தேன்" என்று கத்தினார்கள். அண்ணி பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். ஆந்திராக்காரம்மா ஒருத்தி தன் பாட்டிலையும் நீட்டினாள். அவர் தலையை மடியில் சாய்த்து, விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. விழுங்கினார். மறுபடி கொடுத்தேன். முருகா, நான் சொன்ன பொய்க்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய், இந்த ஆளை விட்டுவிடு என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் பார்த்து, "இன்னாடி, ஏன் அழுவற?" என்றார்.

நேர்ந்த காவடியைப் பாதியில் இறக்கக்கூடாது என்று அண்ணியே அதைத் தோளில் வாங்கிக்கொண்டு மேலே போனார். நாலு பேர் பிடித்து இவரைக் கீழே மருத்துவ முகாமுக்குக் கொண்டுவந்தோம். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், தேன் கொடுத்த பிறகே இவ்வளவு குறைச்சலா என்று பதறினார். நடந்ததைச் சொன்னேன். "மாத்திரைய போட்டுட்டு பட்டினி போட்டா இன்னாம்மா ஆவும்?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அதைக் கேட்க அண்ணி அங்கே இல்லை. இல்லாதது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு தெருவே இவரை வேறு மாதிரி பார்த்தது. லுங்கி வாங்க வருகிற வியாபாரிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கினார். ஒருநாள் இவர் மெதுவாக என்னிடம், "தேன் வேணும்னு நானா கேட்டேன்?" என்றார். "ஆங், நீங்கதான்," என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. என் மாத்திரைக் கதையும் அதற்கடியில் பத்திரமாக இருந்தது.

ஒரு மாசம் போயிருக்கும். கறிவேப்பிலை கொடுக்க அண்ணி வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் ஒரு குடம், கையில் சொம்பு. குடித்துக்கொண்டே இருந்தார். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் விரலில் நாலு மாசம் முகர்ந்த வாடை.

"ஊசி போட்டுக்கலையா அண்ணி?"

"சாமியே வேணாம்னுட்டுதே. மாத்திரையும் தூக்கிப் போட்டுட்டேன்."

மலைப்படியில் அண்ணி கேட்ட கேள்வியை நான் மறந்தே போயிருந்தேன். என் புருஷன் பிழைத்த சந்தோஷத்தில் அண்ணியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, இரண்டு மாத்திரை, நர்ஸ் திட்டியது. "அது சாமி சொன்னதில்ல அண்ணி. அவருக்கு நெனவே இல்ல."

சொம்பைத் தரையில் வைத்தார்.

"அப்ப தேன் கேட்டது?"

"நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"உன் புருஷனுக்குன்னா சாமி பேர்ல தேன் கேக்கத் தெரிஞ்சுது," என்றார். "நான் ஊசி போட்டுக்கட்டுமான்னு கேட்டப்ப, போட்டுக்கோன்னு அதே சாமி பேர்ல ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல?"

தெருவுக்கு ஓடி, இவ்வளவு பெரிய தொண்டையைத் திறந்து, ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன். பிரிக்காத அந்த ஊசிப் பெட்டியை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.