செம்புத் தவலையில் வைத்த கடல்

என் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று மாதம் எங்கள் செங்கல்பட்டு வீட்டுக்குள் ஒரு கடல் இருந்தது. நாலு குடம் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி. அவர் கட்டிலில் படுத்தபடி பார்க்க வசதியாக, பீரோவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அதை வைத்திருந்தோம். என் புடவைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயின.

அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். மாமல்லபுரத்துப் பாறை இடுக்கில் மீன் பிடிக்கப் போய், பாசியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். விழும்போதுகூடக் கையிலிருந்த கண்ணாடிப் புட்டியை விடவில்லை. கால் உடைந்தது, புட்டி உடையவில்லை. அதற்குள் இருந்தது கட்டைவிரல் நீளமுள்ள, வரி போட்ட ஒரு மீன். அதோடு பூப்போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி என்ற உயிர் ஒன்றும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றும் பிறகு சேர்ந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்றையும் குழம்பு வைத்திருப்பேன்.

கால் ஒட்டுமா என்று கட்டுப் போட்ட வைத்தியர் வாக்குக் கொடுக்கவில்லை. இவரோ, "எழுந்து நடக்கிற அன்னிக்கு நானே இந்த மீன எடுத்துனு போய் அதே பாறைல வுட்டுடறேன். இது பொழச்சிருந்தா நானும் நடந்துடுவேன், பாரு" என்றார். விஞ்ஞான வாத்தியார் பேசுகிற பேச்சா இது என்று கேலி செய்தேன். ஆனால் அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அந்த மீனைத்தான்.

அதற்கு மூச்சு கொடுத்தது மதராஸிலிருந்து வாங்கி வந்த ஒரு சின்ன மின்சார மோட்டார். எங்கள் தெருவுக்கு கரண்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. வந்த நாளிலிருந்து வருவதும் போவதுமாகத்தான் இருந்தது. அதனால் அவர் படுக்கையிலேயே ஒரு நோட்டில் திட்டம் எழுதினார். கரண்டு போனால், காற்றடைத்த லாரி டியூபிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குக் காற்று போகவேண்டும். டியூப் கைவிட்டால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். அதுவும் போதாவிட்டால், தனியாக எடுத்து வைத்திருக்கும் கடல் தண்ணீரை விட்டுப் பாதியை மாற்றவேண்டும். திட்டம் அவருடையது, கை கால் என்னுடையது. தினமும் வாசலில் கோலம் போட்ட கையோடு சைக்கிள் பம்பை எடுத்து லாரி டியூபுக்குக் காற்றடிப்பேன். எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, லாரி எப்ப வருது?" என்று கேட்பாள்.

கடல் தண்ணீரை மாமல்லபுரத்து மீனவர் ஒருவர் வாரம் ஒரு முறை பஸ்ஸில் கொண்டுவருவார். இவர் விழுந்த அன்று பாறையிலிருந்து தூக்கி வந்தவரும் அவரே. அவசரத்துக்கென்று எடுத்து வைத்த தண்ணீர் என் பெரிய ஊறுகாய் ஜாடியில் இருந்தது. "ஜாடியிலயே இருக்கட்டும், சோப்பு பட்ட பாத்திரத்துல ஊத்திடாத" என்று இவர் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் கூடை நிறைய எலுமிச்சம்பழம் வந்தது. என் ஜாடியில் கடல் உட்கார்ந்திருக்கிறது, ஊறுகாயை என் தலையிலா போடுவேன்? தண்ணீரை என் செம்புத் தவலைக்கு மாற்றினேன். சும்மா மாற்றவில்லை. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, சோப்பு படாமல் கழுவித்தான் மாற்றினேன். எங்கள் வீட்டில் மாசி மகத்துக்குக் கடலாடிவிட்டுத் தீர்த்தம் கொண்டுவருவது செம்பில்தான். தீர்த்தத்துக்குச் செம்பைவிடச் சுத்தமான பாத்திரம் எது? இதை அவரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. காலை காபி நேரத்துக்கு கரண்டு போய் மோட்டார் நின்றது. டியூபின் குழாயைத் திறந்தேன், குமிழி வந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியா? திட்டம் போட்டா பயமே இல்ல."

மதியத்துக்குள் இரண்டு முறை காற்றடித்தேன். மூன்றாம் முறை டியூபின் வாய் பிய்த்துக்கொண்டு, மொத்தக் காற்றும் புஸ்ஸென்று போய்விட்டது. மொண்டு மொண்டு ஊற்றினேன். தோள் விட்டுப் போயிற்று. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "போதும், பாதித் தண்ணிய மாத்திடு" என்றார். அடுப்பங்கரையில் இருந்த தவலையிலிருந்து பீங்கான் கிண்ணத்தில் மொண்டு கொண்டுவந்து ஊற்றினேன். மீன் சட்டென்று கீழே இறங்கி ஒரு சுற்று சுற்றியது. இருவரும் சிரித்தோம்.

முதலில் கடல் சாமந்தி சுருங்கியது. பிறகு நண்டு சங்கை விட்டு வெளியே வந்து அம்மணமாகக் கிடந்தது. மீன் சாய்ந்து நீந்தியது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்து, இன்னும் கொஞ்சம்" என்று இவர் கத்தினார். ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மோசமானது. வேறு தண்ணீருக்குப் போக வழியில்லை. திருக்கழுக்குன்றம் சாலை வெள்ளத்தில் கிடந்தது, பஸ் ஓடவில்லை. இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை. நான் கையில் கிண்ணத்தோடு நின்றேன். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் அப்படி நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விளக்கேற்றும் நேரத்துக்கு மூன்றும் போய்விட்டன.

நாலாம் நாள் மீனவர் வந்தார். நான் கொல்லையில் தவலையைக் கழுவ எடுத்திருந்தேன். அடியில் மிச்சமிருந்த தண்ணீருக்குக் கீழே பச்சைப் பசேலென்று களிம்பு.

"இன்னாம்மா, செம்புலயா வச்சிருந்த? களிம்பு மீனுக்கு வெசமாச்சே" என்றார். குரலைத் தாழ்த்தி, "சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன், தெரியாதென்று. மோரைச் செம்பில் ஊற்றக்கூடாது, புளிக்கரைசலை ஊற்றக்கூடாது, உப்புப் பட்டால் களிம்பேறும் என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து தெரியும். கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு எனக்கு நினைவு வரவில்லை.

"நா இன்னாத்த சொல்றது. நீயே சொல்லிடும்மா" என்று அவர் போய்விட்டார்.

சொல்லிவிடுவதென்றுதான் சாதத்தட்டோடு உள்ளே போனேன். இவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடது. ஒரு டியூப் போதும்னு நெனச்சேன். ரெண்டு வச்சிருந்தா பொழச்சிருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தட்டை அவர் மார்பருகே வைத்தேன். தயிர் சாதம், ஓரத்தில் ஜாடியிலிருந்து எடுத்த புது எலுமிச்சை ஊறுகாய். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா ஊறியிருக்கு. இன்னொரு துண்டு வையேன்" என்றார்.

வைத்தேன்.