பலகையில் வைத்த கை

அக்கா வீட்டு ஹாலில் நிற்கும் கேம் பெட்டியின் இடப்பக்கப் பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு மைக்கா மங்கிப்போன ஓர் இடம் இருக்கிறது. ஆள் உயரப் பெட்டி. நடுவில் திரை, அதன் கீழே நுனியில் பொத்தான் வைத்த இரண்டு கைப்பிடிகள், மேலே இரண்டு ஸ்பீக்கர்கள். ஸ்பீக்கர்களை மாட்டியவன் நான். கை பட்டுப் பட்டு மங்கிய அந்த இடம் மச்சானுடையது. திருச்செங்கோட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். லீவரைப் பிடித்து, பாறைக்குள் இரும்பு ராடுகளை இறக்குகிற வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வண்டியோடு போய்விடுவார். திரும்பி வரும்போது, நாலாவது படித்துக்கொண்டிருந்த மகள் அவரை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். எங்கோ ஒரு மாலில் அப்பனும் பிள்ளையும் பக்கத்தில் நின்று ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், மழைக்கு வண்டி ஊரில் நின்ற மாதத்தில் தச்சரை வைத்து இந்தப் பெட்டியைச் செய்தார். ஸ்பீக்கருக்கு என்னைக் கூப்பிட்டார். நான் நாமக்கல்லில் லாரி கேபின்களுக்கு ஆடியோ செட் போடுகிறவன். ஒரு பாட்டைக் கேட்டே எந்த ஸ்பீக்கரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். காதைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம்.

மாட்டிய அன்றைக்கே மச்சான் குறை சொன்னார். விளையாட்டில் எதிரி பின்னால் வந்தால் குருவி கத்துவதுபோலச் சின்னதாக ஒரு சத்தம் வரும். மகள் சட்டென்று திரும்பிச் சுட்டுவிடுவாள். மச்சான் ஒவ்வொரு தடவையும் செத்துப்போவார்.

“மாப்ள, இந்த ஸ்பீக்கர் ஊமையா இருக்குது. மாத்திப்போடு.”

கீச்சுச் சத்தங்களைத் தருகிற ட்வீட்டரை மூன்று தடவை மாற்றினேன். கடைக்காரரோடு சண்டை வேறு போட்டேன். சத்தத்தைக் கூட்டக் கூட்ட மகள் காதைப் பொத்திக்கொண்டாள், மச்சானோ இன்னும் கூட்டச் சொன்னார். ஸ்பீக்கரின் முகப்புக்குக் கறுப்புத் துணி கட்டப் போனபோது மட்டும் தடுத்தார். “துணி வேண்டாம் மாப்ள. மூடுனா சத்தம் அமுங்கிப்போயிரும்.” பாறையை ஓட்டை போடுகிறவருக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் துணியைக் கட்டிவிட்டு, சத்தம் அமுங்காது என்று காட்ட, மகள் பாடம் வாசித்ததைப் போனில் பதிந்து அந்த ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டேன். “சத்தம் நின்னதும் கையைத் தூக்குங்க மச்சான்” என்றேன். வாசிப்பு முடிந்தது. ஹாலே அமைதியாக இருந்தது. மச்சான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கை எழவில்லை.

இத்தனை நாளும் எங்கள் உதட்டையும், ஸ்பீக்கர் நடுங்குவதையும் பார்த்துத்தான் அவர் சமாளித்திருக்கிறார். ரிக் வண்டியில் இரைகிற கம்ப்ரசர் பக்கத்திலேயே பல வருஷம் நின்ற காது. என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். அதுவரை என்னை வா, போ என்று பேசியவர், அன்றைக்கு மரியாதை போட்டுப் பேசினார்.

“வெளிய சொல்லிப்போடாதீங்க மாப்ள. லீவர் போச்சுன்னா நான் ஒண்ணுமில்லைங்க.”

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ராடு மாட்டும்போது கீழே நிற்பவன் கை இரண்டு இரும்புக்கு நடுவில் இருக்கும். அவன் நிறுத்தச் சொல்லிக் கத்துவது டிரில்லருக்குக் கேட்காவிட்டால் கை போய்விடும். எவனோ ஒருவனின் கையை நினைத்து, நான் நேராக வண்டி முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மச்சானிடம் ஒரு வார்த்தை, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவன் அல்லவா நான்.

ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்த வண்டிக்கு வருஷா வருஷம் கற்பூரம் காட்டுவது மச்சான்தான். புதுச் சட்டை போட்டு, மகளையும் கூட்டி வந்து, முன்னால் நின்றிருந்தார். முதலாளி கற்பூரத் தட்டை எடுத்து, அவரைத் தாண்டி, வேறொருவர் கையில் கொடுத்தார். மச்சான் நீட்டிய இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு மகளை நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போய், ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார்.

அந்த சீசனிலேயே, அதே வண்டியில், காது நன்றாகக் கேட்கிற புது டிரில்லரிடம் வேலை செய்த ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. கட்டுப் போட்ட கையோடு ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலாளியிடம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

“அண்ணன் இருந்திருந்தா இது ஆயிருக்காதுங்க. அவருக்குக் காது கேக்காதுன்னு எங்களுக்கு நாலு வருசமாத் தெரியும். நாங்க கத்தவே மாட்டோம். ஸ்பேனர்ல ராடு மேல ரெண்டு தட்டு. லீவர்ல இருக்கற கைக்கு அந்த அதிர்வு தெரிஞ்சுரும், உடனே நிறுத்திப்போடுவாரு. புது ஆளு கத்துனாப் போதும்னாரு. நானும் கத்துனேனுங்க. அந்தக் கம்ப்ரசர் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்?”

இரண்டு விரல்களுக்கும் நான்தான் காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் இப்போது பத்தாவது. பிடுங்கிய ஒயர்களை அவளே மாட்டி, தனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சத்தம் வைத்திருக்கிறாள். மச்சான் வலக்கையில் கைப்பிடியைப் பிடித்து, இடக்கையை அந்த மங்கிய இடத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார். குருவிச் சத்தம் வந்ததும் அவள் தன் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மச்சான் திரும்பிச் சுட்டார். அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். நான் உள்ளே வந்ததை அவர் பார்த்துவிட்டார். அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே போனதும், அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன். நான் மாட்டிய ஸ்பீக்கரில் குருவி கத்தியது. பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மச்சான் திரும்பவில்லை. பலகையிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டார். திரையில் அவருடைய ஆள் விழுந்தான். கை இருந்த இடத்தில் அந்த மங்கல் மட்டும் தெரிந்தது.