கறுப்பு வெள்ளையில் டெடே

கடலோர ஊரான தெஷியில் எங்கள் சந்துக்காரர்களுக்கு டெடேவின் கெங்கே இல்லாமல் மத்தியானச் சாப்பாடு இறங்காது. புளித்த சோளமாவைக் கிண்டி, உருட்டி, சோளத்தோலில் இறுக்கிச் சுற்றி வேகவைத்துக் கொடுப்பாள். கூடவே பொரித்த மீனும் அரைத்த மிளகாயும். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் வாய் நீளம்தான், ஆனால் நான் யாரையும் மலடி என்று சொன்னதில்லை. டெடே சொன்னாள். வாங்க வந்தவர்கள் முன்னால், சொந்த மருமகளைப் பார்த்து. அன்றைக்கே மகன் சோவா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தூரத்து ஊரான தக்கோராடிக்குப் போய்விட்டான். அதன்பிறகு இவள் போன் செய்தால் அவன் எடுப்பதே இல்லை.

"ஒரு தடவை அவன் வந்து வாசல்ல நின்னாப் போதும்டி," என்பாள் என்னிடம்.

"மன்னிச்சுக்கோன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பேன்."

"பெத்தவ போய் மருமக கால்ல விழணுமா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இளையவள் அபோலே பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கிறாள். தெருவில் இருக்கும் ஒரு கடைக்கு விளம்பரம் செய்து, அச்சடித்து, சுவரில் ஒட்டி, அதைப் பார்த்து யார் யார் வந்தார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாராம் வாத்தியார். அவள் அம்மாவையே எடுத்துக்கொண்டாள். டெடே நல்ல துணி உடுத்தி, தலைத்துணி கட்டி, என் வீட்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றாள். சிரிக்கவே தெரியாதவள் அன்றைக்கு அழகாகச் சிரித்தாள்.

கறுப்பு வெள்ளைதான் கம்பீரம் என்று பெண் முடிவு கட்டினாள். பெரிய முகம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், கீழே முழுப் பெயர், அடுத்து '1988 முதல்'. கெங்கே என்பது அதற்கும் கீழே பொடி எழுத்தில்.

எங்கள் ஊர்ச் சுவரில் இந்தக் கோலத்தில் ஒரு முகம் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்க மாட்டார்கள். நேராகத் துக்க வீட்டுக்கு நடப்பார்கள். ஒட்டுவதற்கு முன் நானும் அதைப் பார்த்தேன், எனக்கும் உறைக்கவில்லை. உயிரோடு பக்கத்தில் நின்று மிளகாய் அரைக்கிறவளை வைத்துக்கொண்டு பார்த்தால் எப்படி உறைக்கும்?

காலையில் ஒட்டினாள். மத்தியானம் கெங்கே வாங்க ஒருவர்கூட வரவில்லை. பந்தல்காரன்தான் வந்தான்.

"நாற்காலி எத்தனை போடணும்?" என்று டெடேவிடமே கேட்டான்.

"எதுக்குடா?"

"அந்தம்மா சாவுக்கு..." என்று நிமிர்ந்தவன், "ஐயோ, பேய்!" என்று அலறினான்.

"பேய்தான். உட்காரு, மீன் வைக்கிறேன்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரோ அந்தச் சுவரைப் போனில் படம் பிடித்துத் தக்கோராடிக்கு அனுப்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் சோவா வந்து நின்றான். சிவப்பும் கறுப்புமாகச் சாவுத் துணி போர்த்தியிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அடுப்படியில் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

டெடே மாவுக் கையோடு எழுந்தாள். அவன் முகத்தைத் தொட்டிருப்பாள். அதற்குள் அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"என்னை வரவைக்க இப்படி ஒரு நாடகமா?"

"அண்ணே, என் காலேஜ் வேலைண்ணே, சத்தியமா!" அபோலே அழுதாள்.

"நீ சும்மா இரு. பஸ் முழுக்க அழுதுக்கிட்டே வந்தேன். உன்னை மன்னிச்சுட்டேம்மா, மன்னிச்சுட்டேம்மான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

அந்த நேரம் ஒரு நல்ல வார்த்தை போதும். சொல்லித் தொலை என்று நான் கண்ணைக் காட்டினேன். டெடேவின் வாயில் அதுவா வரும்?

"அப்போ நான் செத்தாத்தான் மன்னிப்பியாடா?"

"ஆமா. அது சுலபமா இருந்துச்சு."

எழுந்தான், துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான், போய்விட்டான். டெடே சூடான கெங்கேயைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு, காலில் ஒற்றைச் செருப்போடு ஸ்டாப்புக்கு ஓடினாள். வண்டி போய்விட்டது. பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். அன்று முழுக்க அதை யாருக்கும் விற்கவில்லை.

அபோலே சுவர் சுவராகப் போய் எல்லாவற்றையும் கிழித்தாள். வாத்தியாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமே, கொடுத்தாள். 'விளம்பரம் பார்த்து வந்தவர்கள்: பந்தல்காரர், என் அண்ணன்.' வாத்தியார் சிரித்தாராம். நல்ல மார்க்கும் போட்டாராம்.

அப்புறம் கலரில் வேறு ஒன்று ஒட்டினாள். வாங்குகிறவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருநாள் சோளத்தோல் சுற்றிக்கொண்டே டெடே மகளிடம் சொன்னாள்:

"நான் நிஜமா போனா சுவத்துல ஒட்டுறதோட நிறுத்திக்காதேடி. அவன் நம்ப மாட்டான், கெங்கே விக்கிறாங்கன்னு நினைச்சுக்குவான். நீ பஸ் ஏறிப் போய் நேர்ல சொல்லு."

"அவ எதுக்கு? கால் நல்லா இருக்கறப்பவே நீ பஸ் ஏறு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா," என்றேன் நான்.

 டெடே தோலை இறுக்கி முறுக்கினாள். கிழிந்துபோனது. இன்னொன்றை எடுத்தாள்.